அலை விழுந்த பலகை

மெகருன்னிசா விரல் நுனியால் பலகையை மூலைக்கு மூலை தடவிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றாள்.

பரவாயில்லையாம்! கட்டின புருசன் வேலைக்கு இவள் கொடுக்கும் மார்க் எப்போதும் அதுதான்.

அந்தப் பலகையோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் விஜயகுமார், சாப்பாட்டு மேசைக்கென்று கொச்சியிலிருந்து வரவழைத்து இறக்கிய மேப்பிள். வெளிநாட்டு மரம். வெளுப்பாக, பால்கோவா நிறத்தில் இருக்கும். குறுக்கே வரிவரியாக அலை ஓடும். "அந்த அலைக்காகத்தான் பாய் வாங்குனதே, கெடுத்துறாதீக" என்று எனக்குப் போனில் சொல்லியிருந்தார்.

தேக்கென்றால் இழைப்புளி வழுக்கிக்கொண்டு போகும். இது அப்படியா? நார் ஓரிடத்தில் மேலே எழும்பும், பக்கத்திலேயே உள்ளே இறங்கும். எந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் செதில் செதிலாகப் பிய்த்துக்கொண்டு வந்தது. சனியன் பிடித்த மரம் என்று வாய்விட்டே திட்டினேன். கடைசியில் இழைப்புளியைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டிச் சுரண்டியே மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். அதன்மேல் உப்புத்தாள் போட்டவள் மெகருன்னிசா.

கம்பத்தில் நாங்கள் பட்டறை போட்ட நாளிலிருந்து பாலிஷ் வேலை அவளுடையதுதான். புண் விழுந்து இரண்டு கண்ணும் வெளுத்துப்போன பிறகும் அவள் விடவில்லை. விரல் போதும் என்றாள். என் வேலையில் குற்றம் கண்டுபிடிக்க அவளுக்கு விரலே அதிகம்.

மதுரையில் வைத்து, யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்துவிட்டுப் போன கருவிழியை ஒரு கண்ணில் பொருத்தினார்கள். தெளிய நாளாகும், தெளியாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டைப் பிரித்தும் அவளுக்கு எல்லாம் புகைமூட்டம்தான். தினமும் காலையில் "தெரியுதா மெகரு?" என்று நான் கேட்டுக் கேட்டு, ஒருநாள் வெடித்துவிட்டாள்.

"தெரிஞ்சா ஒங்ககிட்டச் சொல்லாம பஜார்லயா போய்ச் சொல்லப் போறேன்? இனிமே கேக்காதீக."

அதோடு வாயை மூடிக்கொண்டேன். பயம்தான், வேறென்ன. கேட்காத வரைக்கும் நம்பிக்கை மிச்சமிருக்கிறதே.

மரத்தில் ஓடும் அலையைப் பற்றியும் அவளிடம் மூச்சு விடவில்லை. கைக்குத் தட்டுப்படுகிற அலை இல்லை அது, கண்ணுக்கு மட்டும்தான். பார்க்க முடியாதவளிடம் போய் அந்த அழகைச் சொல்லி எதற்கு நோகடிக்க வேண்டும்?

இன்று ஜும்மா தொழுதுவிட்டு வந்தவன், போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு பட்டறை ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டேன். வெயில் நேராக வந்து பலகையில் விழுந்தது. மெகருன்னிசா பஞ்சுப் பொதியைப் பாலிஷில் தோய்த்து, இடது கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முதல் பூச்சு இழுத்தாள். ஈரம் பட்டதும் வரியெல்லாம் குபீரென்று எழுந்தது. திட்டின வாயால் மாஷா அல்லா என்றேன்.

பாதியில் அவள் கை நின்றது.

"என்னங்க இழைச்சிருக்கீக? இங்கன பூராம் அலை அலையாக் கெடக்கு!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சுரண்டிச் சுரண்டி உள்ளங்கை கொப்புளித்துக் கிடக்கிறது, இவளுக்கு இளக்காரமா?

"வாய்க்கு வந்ததப் பேசாத. தடவிப் பாருடி!"

தடவினாள். இன்னொரு தரம் தடவினாள்.

"சமமாத்தான இருக்கு..." என்று முணுமுணுத்தவள், குனிந்து தலையை இடப்பக்கம் சாய்த்தாள். பிறகு வலப்பக்கம். பார்க்கும் கோணம் மாறினால் அந்த மரத்தில் வெளிச்சமும் நிழலும் இடம் மாறும். அவள் விரல் ஒரு வரியைப் பிடித்து, அதன் மேலேயே மெல்லப் போனது.

விலகாமல் கடைசிவரை போனது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்த கோபம் எந்த வழியாகப் போனதோ தெரியாது. கேட்டுவிட நாக்கு துடித்தது. கேட்காதே என்று சொல்லியிருக்கிறாளே பாவி! பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மெகருன்னிசா நிமிர்ந்தாள். கண்ணை இடுக்கி என் நெஞ்சுக்கு நேரே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"யா அல்லா! இந்தக் கறைச் சட்டையோடயா இத்தன நாளா பள்ளிவாசலுக்குப் போனீக?"

நான் திரும்பி நின்று, முதுகில் இருந்த கறையையும் காட்டினேன்.