கைமாற்று

பயிற்சியின் முதல் பாடமே ஸ்டிக்கைக் கைமாற்றுவதுதான். ஹெலிகாப்டரில் இரண்டு விமானிகளுக்கும் ஓட்டுவதற்கு ஆளுக்கொரு ஸ்டிக். ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும். கொடுப்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், வாங்குபவர் பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் கையை எடுக்கவே கூடாது. ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதை, பவானியும் இன்பராஜும் பயிற்சியாளர் இல்லாதபோது தமிழில் சொல்லிக்கொண்டார்கள். “புடிச்சுக்கோ.” “புடிச்சுட்டேன்.” ஒருமுறை அவள் பதில் சொல்லாமலே பிடித்துவிட, ஏரிக்கு மேலே இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். “வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கே?” என்று கத்தினான் இன்பராஜ்.

போர் வந்தபோதும் இருவருக்கும் ஒரே ஹெலிகாப்டர்தான் வாய்த்தது. காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு எழும்பும்போது கண்ணாடியைத் துளைத்துவந்த குண்டு அவன் கழுத்தோரம் பாய்ந்தது. “புடிச்சுக்கோ” என்றான். பவானி பிடித்துக்கொண்டாள். மலையைத் தாண்டும்வரை ஸ்டிக் கனத்துக்கொண்டே இருந்தது. இயந்திரத்துக்கும் அடிபட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

முகாமில் இறங்கியதும் மருத்துவ உதவியாளர் அவன் பக்கத்துக் கதவைத் திறந்தார். கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினார்.

“சாரை எறக்க முடியல மேடம். ஸ்டிக்கை விட மாட்டேங்குறார்.”

பவானிக்கு அப்போதுதான் உறைத்தது. தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு அவன் காதோரம் குனிந்தாள்.

“புடிச்சுட்டேன், இன்பா.”

அவனுடைய சுண்டுவிரல் முதலில் விலகியது.