கல்வித் தந்தை அழுத்திய என்டர்

கல்லூரித் தாளாளர் பொன்னுராஜ் ஆள்காட்டி விரலை உயர்த்தி, போட்டோகிராபர் தலையாட்டும்வரை அப்படியே பிடித்திருந்துவிட்டு, என்டரை அழுத்தினார்.

பந்தலில் கைதட்டல். திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று மேலே ஏறின. முன்வரிசையில் இருந்த சின்னமனூர்ப் பிரமுகர்கள் ஏதோ புரிந்ததுபோல் தலையசைத்தார்கள்.

மேடை ஓரத்தில் நின்ற லேப் இன்ஸ்ட்ரக்டர் இவாஞ்சலின் கடிகாரத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு நிமிடம் ஆகும்.

கல்லூரியில் மூன்று வகைக் கம்ப்யூட்டர் உண்டு. லினக்ஸ் போட்ட லேப்டாப், ஆப்பிள், பி.எஸ்.டி. என்கிற இயங்குதளம் ஓடும் சர்வர். மூன்றும் ஒரே பாட்டன் வழிதான். ஆனாலும் பங்காளிகள். ஒன்றுக்குக் கட்டிய மென்பொருள் இன்னொன்றின் வாசலை மிதிக்காது. எந்தக் கம்ப்யூட்டரானாலும் ஒரே கட்டளையில் ஏற்றித் தரும் ஒரு தொகுப்பு முறையை, உலகத்தில் யார் யாரோ இருபத்தைந்து வருடமாகக் காசு வாங்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை இந்தக் கல்லூரிக்குப் பொருத்த இவாஞ்சலினும், அதே லேபில் வேலை பார்க்கும் எட்வினும் எட்டு மாதம் மாரடித்தார்கள்.

அழைப்பிதழில் ‘கல்வித் தந்தையின் கண்டுபிடிப்பு’ என்று அச்சாகியிருந்தது.

நேற்று ஒத்திகையில்தான் வினை வந்தது. அய்யா என்டரிலிருந்து விரலை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாலே வினாடி.

“ஏம்மா, இதுக்கா பந்தல் போட்டு மைக்செட் கட்டுனோம்? அய்யா மூஞ்சி சுருங்கிப் போச்சு. இருபது நிமிசமாவது ஓடணும்னு சொல்லிட்டாக” என்றார் துறைத் தலைவர் பிரான்சிஸ்.

ஓடவைப்பது பெரிய காரியமில்லை. ஏற்கெனவே கட்டி வைத்த தொகுப்பை இறக்காமல், மூல நிரலிலிருந்து ஒவ்வொன்றாகக் கட்டச் சொன்னால் போதும். ஏற்றப்போவது ஒரு சின்ன வேடிக்கை நிரல். எழுத்துகளாலேயே ஒரு மாட்டை வரைந்து, நாம் கொடுத்த வாக்கியத்தை அது சொல்வதாகக் காட்டும். ஆனால் அந்த மாடு எழுந்து நிற்க, பெர்ல் என்கிற பெரிய நிரல்மொழி முழுசாக வேண்டும். மாட்டுக்காகத் தொழுவம், தொழுவத்துக்காகச் செங்கல், செங்கலுக்காகச் சூளை.

மாடு சொல்ல வேண்டியது ‘கல்வித் தந்தை வாழ்க’.

அது அதைச் சொல்லப்போவதில்லை என்பது இவாஞ்சலினுக்கு மட்டும் தெரியும்.

இருவருமே தற்காலிகம். நிரந்தர இடம் ஒன்றுதான் இருந்தது; கிடைக்காதவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். காலையில் அட்டெண்டர் ஜெபா ஓடி வந்து மூச்சு வாங்கினாள். “யக்கா, வேல எட்வின் சாருக்காம்! ஆபீஸ்ல ஆர்டரே டைப் அடிச்சுட்டாகளாம்.”

ஆறு வருடம். போகிறதுதான் போகிறோம், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவோம் என்று, மாட்டின் வாக்கியம் இருந்த ஃபைலைத் திறந்து மாற்றிவிட்டாள்.

ஒன்பதாவது நிமிடம். திரை ஓடிக்கொண்டிருந்தது. பொன்னுராஜ் மைக்கைப் பிடித்து ஓர் உறையைப் பிரித்தார்.

“நிரந்தரப் பணி ஆணை... இவாஞ்சலின்!”

அவள் கால் தானாக நடந்துபோய் அதை வாங்கியது. கூட்டத்தில் ஜெபாவைத் தேடினாள். ஜெபா தூணுக்குப் பின்னால் போய்விட்டாள்.

கையில் ஆர்டர். வழியில் மாடு.

கீபோர்டை ஒரு தடவை தொட்டால் போதும், நிறுத்திவிடலாம். மெல்ல நகர்ந்து அருகில் போனாள். பிரான்சிஸ் குறுக்கே கையை நீட்டினார்.

“அங்கன தொடாதம்மா. அய்யா கைபட்டது. முடியிற வரைக்கும் ஒருத்தரும் கைவைக்கக் கூடாதாம்.”

கரண்டாவது போகாதா என்று மாதாவை வேண்டினாள். தினமும் போகிற கரண்டு அன்றைக்கென்று நிலையாக நின்றது.

மாடு வந்தது.

நாலு கால், இரண்டு கொம்பு, வாயருகே ஒரு கட்டம். தமிழ் எழுத்துக்கு இடம் பத்தாமல் கட்டம் கோணிக்கொண்டு நின்றது. பொன்னுராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மைக்கிலேயே எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“உழைக்கிறது ஒருத்தர். மாலை விழுகிறது இன்னொருத்தர் கழுத்தில்.”

இவாஞ்சலின் ஆர்டரைத் திருப்பிக் கொடுப்பதற்குத் தோதாக மடித்துக்கொண்டாள்.

பொன்னுராஜ் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

“எம் பொழப்ப அப்படியே சொல்லிருச்சேய்யா!” என்றார், கழுத்தில் ஏழு மாலையோடு.

பிரான்சிஸுக்கும் கண் கலங்கியது, அவருடைய காரணத்துக்காக. முன்வரிசையில் ஆளாளுக்கு நெஞ்சைத் தடவிக்கொண்டார்கள். யாரைச் சொல்கிறது என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

“யாருய்யா இத எழுதுனது? கூப்பிடுங்க மேடைக்கு!”

வேலை கிடைக்காதவன்தான் இப்படி எழுதுவான் என்பது பந்தலுக்கே தெரியும். மாணவர்கள் பின்வரிசையிலிருந்து எட்வினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

இவாஞ்சலின் வாயைத் திறந்தாள். ஆர்டர் வாங்கியவள்தான் எழுதினாள் என்றால், ‘அப்ப யாரச் சொன்ன?’ என்று அடுத்த கேள்வி வரும். மூடிக்கொண்டாள்.

பொன்னுராஜ் தன் கழுத்திலிருந்து, இருப்பதிலேயே பெரியதான ஏலக்காய் மாலையைக் கழற்றினார்.

எட்வின் மாட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். எட்டு மாதம் பக்கத்து நாற்காலியில் இருந்தவன்; யார் வார்த்தை என்று அவனுக்குத் தெரியும்.

பிறகு குனிந்து கழுத்தை நீட்டினான்.