அவரவர் இஷ்டம்

மலாயாவில் தங்காக் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் பசுவைப் பற்றிய கட்டுரைகளையே திருத்திச் சலித்துப்போன சிங்காரம் வாத்தியார் ஒருநாள் துணிந்து சொன்னார்: "இன்னைக்கு உங்க இஷ்டம். எது வேணும்னாலும் எழுதுங்க."

இருபது பிள்ளைகளும் கடல் தாண்டி ஊரிலிருக்கும் சொந்தங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். வாத்தியாருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. பிழை திருத்தி, விலாசம் எழுதவும் கற்றுக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி மசாலா அரைத்து வைத்துவிட்டு வாசலையே பார்த்திருந்தாள். "என்னங்க, கடுதாசி எழுதிக்க இன்னும் ஒருத்தரும் கோழியோட வரலையே?"

பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் காத்தாயி வெறுங்கையோடு வந்தாள். "இனிமே கடுதாசி எழுதித் தரச் சொல்லி உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டோம் வாத்தியாரே. பிள்ளைங்களே எழுதிடுதுங்க. எங்க கோழியும் பிழைச்சுது. எல்லாம் உங்க புண்ணியம்!"

திங்கட்கிழமை பள்ளி மணி அடித்ததும் வாத்தியார் பிரம்பை எடுத்தார்.

"இஷ்டமெல்லாம் போதும். எல்லாரும் பசுவைப் பத்தி எழுதுங்க!"