மேகம் கலையட்டும்

"காத்து ஏறிக்கினே இருக்குங்க. மேகம் கலையட்டும், அப்பறம் ஹெலிகாப்டரை எடுக்கலாம்" என்று பிரபாவதி மறுபடியும் கெஞ்சினாள்.

டவுன்ஷிப் மைதானத்தில் நின்றவர்கள் அவளை விநோதமாகப் பார்த்தார்கள். பைக் விபத்தில் தலையில் அடிபட்ட கிளமென்ட்டைச் சென்னைக்குக் கொண்டுபோக, பிளாக் பிளாக்காக அலைந்து வசூல் செய்து இந்த ஹெலிகாப்டரை வரவழைத்தவளே அவள்தான்.

"என்னக்கா இது? காலையில நான் பயந்தப்போ, பஸ்ஸைவிட இதுதான் சேஃப்டின்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் கிளமென்ட்டின் மனைவி ஜெயசெல்வி.

"காலையில இவ்ளோ மேகம் இல்லியேம்மா."

"ரோட்டுல போனா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இன்னும் காத்துக்கினு இருக்கச் சொல்றீங்களே, உள்ள இருக்கிறது உங்க வூட்டு உசுரா இருந்தா இப்படிச் சொல்லுவீங்களா?"

ஸ்ட்ரெச்சரை ஏற்கெனவே உள்ளே ஏற்றியிருந்தார்கள். பிரபாவதி ஓடிப்போய் பைலட்டின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"யாராவது அந்தம்மாவை இழுங்கப்பா!" என்று கூட்டம் கத்தியது.

பைலட் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள்.

"உன் பொண்ணுதான் ஓட்டிக்கினு வருவான்னு தெரிஞ்சிருந்தா வசூலுக்கே போயிருக்க மாட்ட, இல்லம்மா? வடக்கால வானம் தெளிவாத்தான் இருக்கு. கையை எடு. இறங்குனதும் உனக்குத்தான் மொத போன்."

பிரபாவதி கையை எடுத்தாள். ஹெலிகாப்டர் மேலே எழுந்தபோது, அந்தக் கையை ஜெயசெல்வி இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.