ஒன்றே முக்கால் மணிப் பயணம்

மார்ச் பதினான்காம் தேதி, பிற்பகல் நான்கு மணி இருபது. வானம் மூடியிருந்தது, இன்னும் தூறவில்லை. மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், மனைவி கிடந்த அறைக்கு முதுகைக் காட்டியபடி, மாப்பிள்ளை தொலைபேசியில் விமானம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அவளுடைய அண்ணன் பத்தடி தள்ளி அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு விமான நிலையச் சுங்கத்தில் வேலை. பயணியின் முகத்தைப் பார்த்தே பெட்டிக்குள் இருப்பதைச் சொல்லிவிடுவார் என்று பெயர்.

"ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர், சரி. பறக்க எவ்வளவு நேரம்? ஒண்ணே முக்கால் மணியா? அந்த நாட்டுக் கடிகாரத்த விடுங்கம்மா. இந்த வாசல்லருந்து அங்க வாசல் வரைக்கும் மொத்தமாச் சொல்லுங்க."

மறுமுனையில் ஒரு பெண். அண்ணனின் முதுகு நிமிர்ந்தது.

"நாலு மணி நேரத்தத் தாண்டவே கூடாது. மழை வந்தா?... சரி. பெட்டி ஒண்ணுதான? வழியில யாரும் திறந்து பாக்க மாட்டாங்களே?"

அண்ணன் எழுந்துவிட்டார். தங்கை சாலையில் அடிபட்டது முந்தாநாள். மருத்துவர்கள் கைவிரித்தது இன்று காலை. அவள் மூச்சை இன்னும் இயந்திரம் விட்டுக்கொண்டிருக்கிறது, அதற்குள் இவருக்கு வெளிநாடு. அவளிடமிருந்து கழற்றிய நகைகளும் இவரிடம்தான் இருந்தன.

"யாரு மாப்பிள்ள அந்தப் பொண்ணு?"

"இங்கதான் வேல பாக்கறாங்க, மச்சான். இப்ப வந்துருவாங்க."

"ஓஹோ, இங்கயேவா! எரியிற வீட்டுல பிடுங்கினது லாபம்னு சொல்லக் கேட்டிருக்கேன். இன்னிக்குத்தான் கண்ணால பாக்கறேன்."

"நான் எங்கயும் போகல, மச்சான். பெட்டி மட்டும்தான் போகுது."

"பெட்டிக்கும் எனக்கும் சம்பந்தமில்லன்னு சொல்ற ஆளத்தான் நான் முதல்ல ஓரங்கட்டுவேன். என் தங்கச்சிய இப்படிப் போட்டுட்டு..."

கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டணிந்த பெண்ணொருத்தி வேகமாக வந்தாள்.

"மூணேகால் மணி நேரத்துல சேந்துரும் சார். பைலட்கிட்டயே கேட்டுட்டேன்."

"வீணாப் போயிடாதே?"

"போகாது சார்."

மதியத்திலிருந்து சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த தாளை மாப்பிள்ளை எடுத்துப் பிரித்தார். சுவரில் வைத்துக் கையெழுத்திட்டார். பேனா இரண்டு முறை வழுக்கியது.

அண்ணன் குறுக்கே கையை நீட்டினார். எத்தனையோ பயணிகளிடம் கேட்ட கேள்வியை அதே குரலில் கேட்டார்.

"பெட்டியில என்ன?"

அந்தக் கையைத் தாண்டி, தாளை அவளிடம் கொடுத்துவிட்டு மாப்பிள்ளை திரும்பினார்.

"உங்க தங்கச்சியோட இதயம், மச்சான்."