ஒயரை அறுத்தது யாரு?

பேச்சாளர் நிதானமாகத்தான் ஆரம்பித்தார். “எல்லா உயிருக்குள்ளயும் ஈசன் இருக்கான்.”

மேடைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயரோடு உட்கார்ந்திருந்த மைக் செட்காரர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டார்.

பத்தே நிமிடத்தில் குரல் ஏறியது. “பக்கத்துத் தெருவுல வேற சாமி கும்பிடுறவனுங்களால நம்ம சாமிக்கு ஆபத்து! இன்னும் பொறுக்கணுமா?”

“சாமிக்கே ஆபத்துன்னா, நாம யாருகிட்டப் போய் முறையிடுறது?” என்று மைக் செட்காரர் முணுமுணுத்தார்.

காவலுக்கு நின்ற தொண்டன் முறைத்தான். “பெரியவரே, வந்த வேலையைப் பாருங்க.”

“பாத்துக்கிட்டுதான் இருக்கேன் தம்பி. போன வாரம் ஊமையாக் கிடந்த இந்த ஆம்ப்ளிஃபயரைப் பேச வச்சதே அந்தத் தெருக்காரன்தான்.”

தொண்டன் காறித் துப்பிவிட்டு முன்பக்கம் போனான்.

“கிளம்புங்க...” என்று பேச்சாளர் கையை ஓங்கியபோது ஒலிபெருக்கிகள் சட்டென்று அடங்கிப்போயின.

அவர் மைக்கைத் தட்டினார். ஊதினார். சத்தமே இல்லை. கூட்டத்தில் சிலர் கொட்டாவி விட்டார்கள். இரண்டு பேர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். மைக் செட்காரர் பெருமூச்சு விட்டார்.

அப்போது முன்வரிசையில் ஒருவன் எழுந்தான். “அவனுங்கதான்டா ஒயரை அறுத்துட்டானுங்க!”

நாற்காலிகள் உருண்டன. கூட்டம் மொத்தமும் பக்கத்துத் தெருவுக்குள் பாய்ந்தது.

மைக் செட்காரர் பதறிப்போய்ப் பிளக்கை மறுபடி சொருகிவிட்டு மேடைக்கு ஓடி மைக்கைப் பிடித்தார்.

“நில்லுங்கப்பா! யாரும் ஒயரை அறுக்கலை! நான்தான் பிளக்கைப் புடுங்கினேன்! நான்தான்!”

அந்தக் குரல் பக்கத்துத் தெருக் கடைசி வீடு வரைக்கும் கணீரென்று கேட்டது.

ஓடியவர்களில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.