மூன்று மாதக் கோலம்

கம்பெனி வேலையாகப் புனேயில் மூன்று மாதம் தங்க வேண்டும். ஓசூர் வீட்டைப் பூட்டும் பொறுப்பு சிவராஜுடையது. கேஸை மூடி, ஃப்ரிட்ஜைக் காலி செய்து, வாசலில் புதுக் கேமராவும் மாட்டியாயிற்று. வெளியே வந்தால், மனைவி சுகுணா பக்கத்து வீட்டு ரஞ்சிதாவிடம் கோலமாவு டப்பாவைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"தினமும் தண்ணி தெளிச்சு நம்ம வாசல்ல ஒரு கோலம் போட்டுடு கண்ணு. வாசல் வெறிச்சுன்னு கெடந்தா, ஆளில்லைன்னு திருடனுக்குத் தெரிஞ்சிடும்."

"நானாக்கா?"

"பின்ன வேற யாரு?"

ரஞ்சிதா டப்பாவை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

டாக்சியில் ஏறியதும் சிவராஜ் வெடித்தான். "அதான் கேமரா இருக்கே! அந்தப் பொண்ணு தலையில எதுக்கு வேலையக் கட்டற?"

"அவ மாமியார்கிட்டயும் திருடன் கதையத்தான் சொன்னேன். வீட்டுக் காவலுக்குன்னா சரின்னுட்டாங்க."

"கதையா?"

"நம்ம தெருவுல பெரிய கோலம் யாரு போடுவாங்க?"

"ரஞ்சிதாதான். மார்கழின்னா வண்டி போக வழியே இருக்காதே..."

"அவ புருஷன் தவறிப்போனதுலேர்ந்து கோலமாவத் தொடக் கூடாதுன்னுட்டாங்க. எட்டு மாசமாச்சுங்க."



மறுநாள் காலை ரயிலில் சிவராஜ் போனை எடுத்துக் கேமராவைப் பார்த்தான். வாசலை நிறைத்த கோலம் கேட்டையும் தாண்டித் தெருவில் இறங்கியிருந்தது. குனிந்த தலை நிமிராமல் ரஞ்சிதா இன்னும் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"சுகுணா, ஒரு டப்பா பத்தாது போலிருக்கே!" என்றான்.